ஸ்மிதா வரைந்த தூக்கு விளக்கு

ஜகந்நாதன் பயந்த மனிதர். இதைச் சொல்லிக்கொள்ள அவருக்கே வெட்கம் கிடையாது. பம்பாய் மாட்டுங்காவில் அவர் குடியிருந்த பழைய கட்டடத்தில் அவருடைய பயத்தைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆபீசுக்குக் கிளம்பி கேட் வரை போய்விட்டு, காஸை மூடினோமா என்று திரும்பி மாடியேறுவார். ரயிலில் கதவுப் பக்கம் நிற்கவே மாட்டார். மூச்சுத் திணறினாலும் நடுவில் போய் நசுங்கிக்கொண்டு நிற்பார். தீபாவளி வரைக்கும் குடை அவர் பையில் இருக்கும். தண்ணீர் மோட்டார் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் வீடு வீடாகக் கதவைத் தட்டி, “பந்த் கரோ, பந்த் கரோ” என்று நிறுத்தச் சொல்வார். கட்டடத்துப் பையன்கள் அவருக்கு ‘பந்த் கரோ மாமா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஃபோர்ட் பகுதியில், கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயாரிக்கும் ஆபீஸ் ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே மட்டும் அவர் பயத்துக்கு மரியாதை உண்டு. மற்றவர்கள் ஒரு தடவை பார்க்கும் காகிதத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் அதே குணம் கேலிப்பொருள் ஆகிவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேலி அந்தப் பலாப்பழத்தால் வந்தது. ஒரு மே மாதச் சாயங்காலம் மாடிப்படியில் ஏதோ வாடை அடித்தது. காஸ் கசிகிறது என்று ஜகந்நாதன் முடிவு செய்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எச்சில் கையோடு கீழே இறக்கினார். தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. தேடிப் பார்த்தால், மேல் மாடி வெங்கடராமன் பாலக்காட்டிலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்து மறந்துபோன பலாப்பழம் அழுகிக் கிடந்தது. அதற்கப்புறம் ஜகந்நாதன் எதைச் சொன்னாலும், “என்ன மாமா, பலாப்பழமா?” என்பதுதான் பதில்.

அவருக்குப் பயமே இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அது அவர் மகள் ஸ்மிதாவின் கை. ஒன்பதாவது படிக்கும் ஸ்மிதா பள்ளியில் நடக்கும் டிராயிங் கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். வீட்டிலிருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைந்து வரச் சொல்லியிருந்தார் டிராயிங் டீச்சர். ஸ்மிதா ஹாலில் தொங்கும் தூக்கு விளக்கைத் தேர்ந்தெடுத்தாள். அவள் அம்மா வாலாம்பாளின் கல்யாணச் சீராக வந்த பித்தளை விளக்கு அது. ஹாலின் குறுக்கே ஓடும் கான்கிரீட் உத்தரத்தில் கொக்கி போட்டு, ஜன்னலுக்கு எதிரே சங்கிலியில் தொங்கியது.

ஜூன் மாதம் மழை தொடங்கியபோது வரைய உட்கார்ந்தாள். தினமும் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகத் தரையில் அம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டாள். கையை நேராக நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, கட்டை விரலால் அளவை நகர்த்தி நகர்த்திப் படத்தில் இறக்கினாள். பள்ளிக்கூடம் திறந்த பரபரப்பிலும் விடாமல் வரைந்து முடித்தாள். படம் பள்ளிச் சுவரில் கொஞ்ச நாள் தொங்கிவிட்டு நவராத்திரிக்கு முன்னால் திரும்பி வந்தது. ஜகந்நாதன் அதைக் கண்ணாடி போட்டு ஃப்ரேம் செய்யக் கொடுத்தார்.

நவராத்திரி வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பி, ஃப்ரேமை வாங்கிக்கொண்டு வந்தார். கால் கழுவிவிட்டு நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. தரையில் பொட்டு ஒட்டியிருந்த இடத்திலேயே சப்பணம் போட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

அப்படி ஒரு படம். சங்கிலியின் ஒரு வளையம் இன்னொரு வளையத்துக்குள் நுழைந்து வெளியே வருவதை எங்கேயும் குழப்பாமல் போட்டிருந்தாள். உச்சியில் உட்கார்ந்திருக்கும் அன்னத்தின் இறகுகள் ஒரு பக்கம் கூர்மையாகவும், மறுபக்கம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கியும் இருந்தன. வீடு மாறும்போது கீழே விழுந்ததில் ஒரு முகத்தின் மூக்கு கொஞ்சம் வளைந்திருக்கும், அதையும் விடவில்லை. எண்ணெய் வழிந்து கறுத்த கோடு, திரி தொட்டுத் தொட்டு வந்த கரி, எல்லாம் இருந்தன. விளக்கின் உருண்டையான வயிற்றில் ஜன்னல் வளைந்து தெரிந்தது. அந்த வளைந்த ஜன்னலுக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்பு மேடு. என்ன இது என்று ஃப்ரேமைக் கண்ணருகே கொண்டுபோனார். உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஸ்மிதாவேதான். பித்தளையின் மினுமினுப்பை வெறும் பென்சிலால் எப்படிக் கொண்டுவந்தாள் என்று வியந்து, நிஜ விளக்கையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் அவர் கண் ஓரிடத்தில் நின்றது.

விளக்கின் அடியில் தாமரை மொட்டு மாதிரி ஒரு குமிழ் உண்டு. படத்தில் அந்தக் குமிழ் ஜன்னல் கம்பிக்குச் சற்று மேலேயே நின்றது. குமிழுக்கும் குறுக்குக் கம்பிக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி. அதன் வழியே எதிர்க் கட்டடத்தின் துணிக்கொடிகூடத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். நிஜக் குமிழ் கம்பியை மறைத்துக்கொண்டு அதற்குக் கீழே தொங்கியது. துணிக்கொடி தெரியவில்லை.

அவருக்குச் சிரிப்புதான் வந்தது. இவ்வளவு நுணுக்கமாக வரைந்தவள் இதில் கோட்டை விட்டுவிட்டாளே என்று நினைத்து, உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்த ஸ்மிதாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் தப்பாப் போடலை. அந்த கேப்பை டீச்சரே பாராட்டினா. அதைத்தான் நான் மொதல்ல மெஷர் பண்ணினேன்.”

“சரி, நீயே பாரேன்.”

அவரை நகரச் சொல்லிவிட்டு ஸ்மிதா பொட்டின் மேல் உட்கார்ந்தாள். கையை நீட்டி ஒரு கண்ணை மூடினாள். கையை இறக்கி, மறுபடி நீட்டினாள்.

“அப்பா, விளக்கு எறங்கியிருக்கு.”

மேலே வெங்கடராமன் வீட்டில் பாட்டு தொடங்கியிருந்தது. அவருடைய மனைவி சுஷ்மா அந்த வருஷம் பெரிய கொலு வைத்திருந்தாள். ஸ்டீல் ட்ரங்குப் பெட்டிகளில் பழைய புத்தகங்களை நிரப்பி, அவற்றை அடுக்கிப் படி கட்டியிருந்தாள். பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே மார்பிள் பதித்த ஹால் அது. மாட்டுங்காவில் தெரிந்தவர்கள், செம்பூரிலிருந்து உறவுக்காரர்கள் என்று மத்தியானம் முதலே பெண்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

ஜகந்நாதன் நாற்காலியைப் போட்டு ஏறினார். சங்கிலி நீண்டிருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சங்கிலியில் ஒரு வளையமும் விரியவில்லை. கொக்கி கழன்றிருக்கும் என்று பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது உத்தரத்தோடு இறுக்கமாக ஒட்டியிருந்தது. கையை எடுக்கும்போது உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தூள். பி.ஓ.பி. என்கிற வெள்ளைப் பூச்சில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் சுவர் வரைக்கும் ஓடியிருந்தது.

மறுபடி உத்தரத்தில் கையை வைத்தார். மேலே யாரோ தாளம் போட்டார்கள். அந்தத் தாளம் அவர் உள்ளங்கையில் துடித்தது.

சங்கிலி நீளவில்லை, கொக்கியும் கழலவில்லை. அப்படியானால் இறங்கியது உத்தரம்தான். அதன் மேல் மார்பிள், ட்ரங்குப் பெட்டிகள், அத்தனை பெண்கள். அவர் சத்தமில்லாமல் நாற்காலியிலிருந்து இறங்கினார். ஆகஸ்டில் சமையலறைக் கதவு மூடாமல் அடம் பிடித்ததும், தச்சரைக் கூப்பிட்டு மேல் விளிம்பை இழைக்கச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. மழையில் மரம் ஊதிவிட்டது என்று தச்சர் சொன்னார். பம்பாயில் மழைக்காலத்தில் யார் வீட்டுக் கதவுதான் ஊதாது? கதவு ஊதவில்லை, மேலே இருந்தது இறங்கி அதை அழுத்தியிருக்கிறது என்று இப்போது அவருக்குத் தோன்றியது.

ஸ்மிதாவை உடனே செருப்பு போட்டுக்கொண்டு கீழே கேட்டுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் பாதி பின்னிய தலையோடு இறங்கிப் போனாள்.

வாலாம்பாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் தீப்பெட்டியோடு வந்தாள். வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிவிட்டு மேலே போவதாக இருந்தாள். நாற்காலியையும் வெள்ளைக் கையையும் பார்த்துவிட்டு, இன்னிக்கு எதைப் பந்த் பண்ணப் போகிறார் என்று கேட்டாள். ஜகந்நாதன் குழறிக் குழறிச் சொன்னார். அவள் காதில் பாதிதான் விழுந்தது. நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்து விளக்கை ஏற்றினாள்.

ஜகந்நாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த விளக்கை ஏற்றும்போதெல்லாம் வாலாம்பாள் நுனிக்காலில் எழும்புவாள். முட்டி வலி வந்தபிறகு முனகிக்கொண்டே எழும்புவாள். இப்போது இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருந்தன.

“குதிகாலைத் தூக்காம ஏத்தறியே, எத்தனை நாளா?” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“கொஞ்ச நாளா சிரமமே இல்லை. மூட்டுக்குத் தடவற எண்ணெய்தான் வேலை செய்யறதுன்னு...” என்று தொடங்கிய வாலாம்பாள் பாதியில் நிறுத்தினாள். குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். தீக்குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் அதைக் கீழே போட்டாள்.

மேலே கோலாட்டம் ஆடப்போவதாக யாரோ சொன்னது ஜன்னல் வழியே கேட்டது.

ஜகந்நாதன் வாசலுக்கு ஓடினார். வாலாம்பாள் அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“நீங்க போய்க் கத்தாதேங்கோ. கத்தினா பலாப்பழம்னு சிரிப்பா. நம்பினா எல்லாரும் ஒரே சமயத்துல எழுந்து ஓடுவா. ரெண்டுமே வேண்டாம்.”

அவள் சொன்னது அவருக்குப் புரிந்தது. மேல் வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள் குவிந்து கிடக்கும். படி குறுகல். அதோடு இன்னொன்றும் இருந்தது. கொலுவுக்கு வந்த பெண் வெற்றிலை பாக்கு வாங்காமல் எழுந்து போகமாட்டாள். வீடு இடியப் போகிறது என்று பந்த் கரோ மாமா சொன்னால், தாம்பூலம் வாங்கிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொல்வாள்.

இருவரும் படியேறினார்கள். ஜகந்நாதன் ஒவ்வொரு படியிலும் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். வாழ்நாளெல்லாம் எதிலிருந்து ஒதுங்கி ஒதுங்கிப் போனாரோ, அதன் மேலேயே ஏறி நடக்கப் போவதாக அவருக்குப் பட்டது.

சுஷ்மாவின் ஹால் நிறைந்திருந்தது. பட்டும் மல்லிகையும் சுண்டலுமாக மணத்தது. சுவர் ஓரத்தில் பெரிய பிரம்புக் கூடை ஒன்றில் தாம்பூலப் பைகள் அடுக்கியிருந்தன. வாலாம்பாள் சுஷ்மாவைத் தனியாக அழைத்துக் காதில் சொன்னாள். சுஷ்மா முதலில் சிரித்தாள், அப்புறம் அவள் முகம் சுண்டிப்போனது. ஆசை ஆசையாக வைத்த கொலு, செம்பூர் மாமிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்குப் போய் இப்படியா என்று கேட்டாள். உள்ளேயிருந்து வெங்கடராமன் வந்தார். ஜகந்நாதனின் சட்டையெல்லாம் தூளாக இருப்பதைப் பார்த்தார்.

“என்ன ஜகன், இந்த வருஷம் சக்கை சீசன் லேட்டா?”

பழைய பலாப்பழத்தை நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அரே, விடுங்கோ, உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுங்கோ என்று ஒரு தொன்னையை அவர் கையில் திணித்தார் வெங்கடராமன். நடுக்கூடத்தில் பெண்கள் கோல்களை எடுத்துக்கொண்டு வட்டமாக நின்றார்கள்.

ஜகந்நாதன் வாயைத் திறந்தார். கத்திவிடுவோம் என்று பயந்து மூடிக்கொண்டார். அவர் கண் அந்தக் கூடையில் விழுந்தது. தொன்னையைக் கீழே வைத்தார். சுவர் ஓரமாகவே நடந்து, கூடையை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஒரு ஆண்பிள்ளை தாம்பூலக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதை அந்த ஹாலில் யாரும் பார்த்ததில்லை. கோலாட்டம் தொடங்காமலே நின்றது. “மாமா, எங்க எடுத்துண்டு போறேள்?” என்று யாரோ கேட்டார்கள். ஜகந்நாதன் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

வாலாம்பாள் அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் போய் நின்று, மாறாத குரலில் சொன்னாள்: “இந்த வருஷம் தாம்பூலம் கீழே கேட்டண்டை. செருப்பெல்லாம் குவிஞ்சு கெடக்கு, ரெண்டு ரெண்டு பேரா வாங்கோ. ஓரமா வாங்கோ, நடுவுல கோலம் இருக்கு.”

பெண்கள் வந்தார்கள். இது என்ன புது வழக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டும், சுஷ்மாவின் சாமர்த்தியத்தைக் குறை சொல்லிக்கொண்டும், செருப்பைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டும் இறங்கினார்கள். வாலாம்பாள் ஒவ்வொருவர் முதுகிலும் மெதுவாகக் கை வைத்து அனுப்பினாள்.

கீழே ஜகந்நாதன் கூடையோடு கேட்டுக்கு வெளியே ஸ்மிதாவின் பக்கத்தில் நின்றார். அவரிடம் யாரும் பையை வாங்கவில்லை. சுமங்கலி கொடுக்க வேண்டியதை உங்கள் கையால் எப்படி வாங்குவது, சுஷ்மா வரட்டும் என்று ஒரு மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். கூட்டம் தெருவோரம் பெருகியது. தன்னைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுஷ்மாவும் முகம் சிவக்க இறங்கி வந்தாள். அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே வெங்கடராமனும் வந்தார்.

வாலாம்பாள் வரவில்லை. மற்ற வீடுகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். ஜகந்நாதன் படிக்கட்டின் இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவர் பட்ட பயத்துக்கு முன்னால், அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமேயில்லை. கடைசியில், மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். ஜகந்நாதன் கூடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டடம் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல்களில் விளக்குகள் எரிந்தன, எங்கேயும் ஒரு காரைகூட உதிரவில்லை. சங்கதி தெரிந்து பேச்சு பரவியதும் முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் பலர். சுஷ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊரெல்லாம் சிரிக்கும்படி ஆக்கிவிட்டீர்களே மாமா என்றாள். விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த ஜகந்நாதனுக்கு, விழாவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே வந்தது. அப்படி நினைத்ததற்காக உடம்பே கூசியது.

வெங்கடராமனுக்கு ஆத்திரம். நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். ஜகந்நாதன் அவர் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். முடியாமல் போனதும், என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டாம், அங்கிருந்தே விளக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினார்.

வெங்கடராமன் போன வேகத்தில் திரும்பவில்லை. மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. கையில் ஃப்ரேம் போட்ட படம் இருந்தது. ஜகந்நாதன் வாசல் பக்கம் சாய்த்து வைத்திருந்ததை எடுத்து வந்திருக்கிறார்.

“மேலே ஒருத்தரும் இல்லை. காத்தும் இல்லை,” என்றார். “விளக்கு ஆடிண்டிருக்கு, ஜகன்.”

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வெங்கடராமனே தீயணைப்புக்கு போன் செய்தார். வந்தவர்கள் எல்லாரையும் இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஜகந்நாதனின் ஹாலில் இரும்பு முட்டுகளை வரிசையாக நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் உத்தரத்தின் பூச்சைத் தட்டியபோது, உள்ளேயிருந்த கம்பி துருப்பிடித்து அப்பளம் மாதிரி உதிர்ந்ததாகச் சொன்னார். இன்னொரு பாட்டுக்கு அது தாங்கியிருக்குமா என்று கேட்டதற்கு, அவர் இன்னும் இரண்டு முட்டுகள் கொண்டுவரச் சொன்னார்.

சுஷ்மா கேட்டின் முன்னால் நின்று, தெருவிளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொருவருக்கும் குங்குமம் இட்டுத் தாம்பூலப் பையை நீட்டினாள். அவள் இட்ட குங்குமம் எல்லார் நெற்றியிலும் கோணலாக இருந்தது.

கட்டடம் காலி செய்யப்பட்டது. விஜயதசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைக்கக்கூட சுஷ்மாவை உள்ளே விடவில்லை. கொலு அப்படியே நின்றபடி இருட்டில் இருந்தது. சாமான்களை எடுக்க வந்த ஆட்கள் பின்னால் ஒரு நாள் தூக்கு விளக்கையும் இறக்கிக் கொடுத்தார்கள்.

இப்போது ஜகந்நாதன் குடும்பம் திலக் நகரில் வாடகைக்கு இருக்கிறது. வீட்டைப் பார்க்கப் போனபோதே அவர் எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்தார். புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டான். ஹாலில் ஸ்மிதாவின் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் அன்னத்தின் இறகையும் வளைந்த மூக்கையும் பித்தளை வயிற்றில் தெரியும் குட்டி ஸ்மிதாவையும் காட்டுவார். குமிழுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு இடைவெளியை மட்டும் அவர் காட்டுவதில்லை. அதைப் பார்க்கும்போது இன்னும் அவர் உள்ளங்கையில் தாளம் துடிக்கிறது.

படத்துக்குப் பக்கத்தில் தூக்கு விளக்கு தொங்குகிறது. வாலாம்பாள் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், அதை உயரமாகவே மாட்டச் சொன்னார் ஜகந்நாதன். வெள்ளிக்கிழமை அவள் தீப்பெட்டியோடு வந்தால் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்க்கத் தொடங்குவார்.

“இன்னும் என்ன பார்வை? முட்டி பழையபடி வலிக்கறது, போருமா?” என்பாள் வாலாம்பாள்.

அவள் முனகிக்கொண்டே நுனிக்காலில் எழும்புவாள். இரண்டு குதிகாலும் தரையை விட்டு மேலே வந்த பிறகுதான் ஜகந்நாதன் மூச்சை விடுவார்.